படுகளத்து முகம்

வருஷத்தில் ஒருநாள் வீரமணி செத்துப்போவார். சித்திரை மாதம் பாரதக் கூத்து முடிகிற காலையில், நாவப்பள்ளம் துரோபதை அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற களத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பீமன் அவரைத் தொடையில் அடித்துக் கொல்வான். மற்ற நாட்களில் அவர் பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தக்காளியும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிப்போகிற லோடு வண்டிக்காரர். நல்ல உயரம். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். இருபது வருஷத்துக்கு மேலாகத் துரியோதனன் வேஷம் அவருடையதுதான். அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

பீமன் வேஷம் மதியழகனுடையது. மதியழகன் வீரமணிக்குச் சித்தப்பா மகன். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவே ஒரு பொதுக் கிணறு இருந்தது. மதியழகன் தன் பக்கத்தில் ஆழமாக ஒரு போர்வெல் போட்டான். அடுத்த கோடையில் கிணறு வற்றிப்போனது. பஞ்சாயத்து கூடியது, வார்த்தை தடித்தது, அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. டீக்கடையில் ஒருவர் இருந்தால் மற்றவர் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார். கூத்தில் மட்டும் வசனத்துக்கு வசனம் பேசிக்கொள்வார்கள். அந்த வசனத்தில் இருந்த சூட்டைப் பார்த்து, "இவனுங்க சண்டையில மட்டும் நடிப்பே கெடையாது" என்று ஜனங்கள் ரசித்துச் சொல்வார்கள்.

உண்மையில் பீமனின் அடியை வாங்குவது வீரமணி அல்ல, மண். படுகளத்துக்கென்று ஏரி மண்ணைக் கொட்டிப் பிசைந்து, ஒரு பஸ்ஸைவிட நீளமாக, மல்லாந்து கிடக்கிற துரியோதனனைச் செய்வார்கள். ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி, வலது கையில் கதாயுதத்தோடு கிடப்பான். தொடைக்குள் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பானை புதைத்திருக்கும். வேஷக்காரர்கள் இருவரும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டைபோட, கடைசியில் பீமன் அந்தப் பானையை உடைப்பான். துரோபதை அந்தச் சிவப்பில் கூந்தலை நனைத்து முடிவாள். பிறகு ஜனங்கள் உள்ளே இறங்கி ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு போவார்கள். காட்டில் போட்டால் விளையும், தானியக் குதிரில் போட்டால் குறையாது என்பது நம்பிக்கை. வெயில் ஏறுவதற்குள் களம் வெறும் தரையாகிவிடும்.

அந்த உருவத்தைச் செய்கிறவர் காளியப்பன். சொந்தமாக மஞ்சள் போடுகிற விவசாயி. வீரமணிக்கு மாமா முறை. அதிகம் பேச மாட்டார், ஆனால் களத்தில் நின்றுவிட்டால் அவர் கண் போகிற பக்கமெல்லாம் ஆட்கள் ஓடுவார்கள். அவர் செய்கிற துரியோதனனுக்குத் தட்டு மாதிரி வட்டக் கண், முறுக்கின மீசை, வரிசைப் பல். எந்த வருஷமும் அது மாறியதில்லை.

இந்த வருஷம் படுகளத்துக்கு முந்தின நாள் காலை, வீரமணி தன் வண்டியில் ஏரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தபோது, ரோட்டில் போன ஒரு கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, பின்னாலேயே வந்தது.

காரிலிருந்து முதலில் இறங்கியவள் ஆக்சிலியா. பக்கத்து ஊர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இத்தாலியில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். தம்பி ஆண்டோவின் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இறங்கியவர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைத்த முடி, ஆண்கள் சட்டை, அகலமான கைகள்.

"இவங்க பேரு தொனாத்தா" என்றாள் ஆக்சிலியா. "அங்க பெரிய சிற்பி. இவங்க அம்மாவ கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டேன். அந்தப் பழக்கத்துல கல்யாணத்துக்கு வந்தாங்க. தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன், இதப் பாத்ததும் நிறுத்து நிறுத்துன்னு ஒரே சத்தம்."

மண் மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "தோணாத்தாவா? நம்ம ஆத்தா மாதிரியே பேரு வெச்சிருக்காங்களே!" அன்றைக்கு அந்த நிமிஷத்திலிருந்து அவர் தோணாத்தாதான்.

தோணாத்தா நேராக உருவத்துப் பக்கம் போனார். பாதி எழும்பியிருந்த மண் உருவத்தைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை சுற்றி நடந்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு ஆக்சிலியாவிடம் ஏதோ கேட்டார்.

"இது எத்தன நாளைக்கு இருக்கும்னு கேக்கறாங்க, பெரியப்பா."

"நாளைக்குக் காலையில அடிச்சிருவோம்" என்றார் காளியப்பன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? ஜனங்க அள்ளிட்டுப் போயிரும்."

ஆக்சிலியா அதைச் சொன்னாள். தோணாத்தா அவளையே பார்த்தார். அவள் தப்பாக மொழிபெயர்க்கிறாள் என்று நினைத்தவர் மாதிரி இன்னொரு தரம் கேட்டார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது வந்தது சந்தோஷமா பயமா என்று வீரமணிக்குப் புரியவில்லை. மண்ணை மிதித்துப் பிசைந்து வைத்திருந்த இடத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு, ஒரு உருண்டையை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"சும்மா நிக்கறதுக்கு, அந்த இடது கைய போடச் சொல்லு" என்றார் காளியப்பன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தோணாத்தா சிரிக்காமல் வேலையைத் தொடங்கினார்.

வீரமணி இன்னும் இரண்டு நடை மண் கொட்டிவிட்டு, வேப்பமரத்து நிழலில் வண்டியின் பின்பலகையில் படுத்துத் தூங்கிவிட்டார். இரவெல்லாம் கூத்து ஆடவேண்டும். எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. மண் மிதித்த பெண்கள், தடுப்புக்குக் கம்பி கட்டின ஆட்கள், கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் உருவத்தின் இடது பக்கமாகக் கூடி நின்றார்கள். 

வீரமணி தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

ஒரு கட்டில் அகலத்துக்கு ஒரு கை. உள்ளங்கை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. அதுவரை எதையோ இறுக்கிப் பிடித்திருந்து, இப்போதுதான் விட்டுவிட்ட கை. மணிக்கட்டில் நரம்பு ஓடியது. கட்டைவிரலுக்குக் கீழே சதை தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மண்தான், இன்னும் ஈரம் காயாத ஏரி மண்தான், ஆனால் தொட்டால் சூடாக இருக்கும் என்று தோன்றியது. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

வீரமணி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வண்டிக் கதவில் மாட்டி ஒடிந்து, கோணலாகக் கூடிய சுண்டுவிரல்.

"நீங்க தூங்கறப்ப உங்க கை பலகைக்கு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு" என்றாள் ஆக்சிலியா. "அதப் பாத்துத்தான் போட்டாங்க."

வீரமணிக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனது. பின்னால் கட்டிக்கொண்டார். காளியப்பன் அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ஓடிய கோடுகளைத் தொடாமல் பார்த்தார். எழுந்துபோய்த் தான் செய்த வலது கையைப் பார்த்தார். ஐந்து குச்சி போல ஐந்து விரல், கதையைச் சுற்றி. சொம்புத் தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மூஞ்சியும் அவங்களே போடட்டும்."

கோயில் கமிட்டியைச் சேர்ந்த ராஜாமணிக்கு அது பிடிக்கவில்லை. "என்னா மாமா பேசற? அம்மன் முன்னால படுக்கப்போற உருவம். அவங்க வேற மதம், வேற தேசம். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் கூடவே நிக்கறேன். எனக்குச் சரின்னு படலன்னா நானே அழிச்சிட்டு வேற போடறேன். போதுமா?"

ராஜாமணி அந்த மண் கையைத் திரும்பப் பார்த்தார். தலைக்கு மண் கொட்ட ஆட்களைக் கூப்பிட்டார்.

தலைக்காக மண்ணைக் குவித்து ஏற்றினார்கள். ஓர் ஆளைவிட உயரமான குவியல். ஏணி சாத்தினார்கள். தோணாத்தா ஏறுவதற்கு முன் வீரமணியிடம் வந்து நின்று ஆக்சிலியாவிடம் ஏதோ சொன்னார். ஆக்சிலியா கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணா, உங்க மொகத்தத் தொட்டுப் பாக்கலாமான்னு கேக்கறாங்க. கண்ணால பாத்தா பத்தாதாம். எலும்பு எங்க போகுதுன்னு விரலுக்குத் தெரியணுமாம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீரமணியின் மனைவி சுகுணா அங்கேதான் இருந்தாள். "தொடட்டும், தொடட்டும். எங்க ஆளு என்னா கண்ணாடியா, ஒடஞ்சிடறதுக்கு?" என்றாள்.

வீரமணி கண்ணை மூடிக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தார். மண் காய்ந்து சொரசொரத்த விரல்கள் அவர் நெற்றியில் தொடங்கின. புருவத்து மேடு, கண் குழி, மூக்குத் தண்டு, தாடை. ஒவ்வொரு இடமாக நின்று, அழுத்தி, நகர்ந்தன. யாரும் அவர் முகத்தை அப்படித் தொட்டதில்லை. வருஷா வருஷம் அரிதாரம் பூசுகிறவர்கூட மேலே பூசிவிட்டுப் போகிறவர்தான். சிரிப்பு நின்றுவிட்டதை அவர் கவனித்தார். கண்ணைத் திறந்தபோது தோணாத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சித்தேரி மலைப் பக்கம் வெயில் சாய்கிறவரை அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கீழேயிருந்து காளியப்பன் மண் உருட்டிக் கொடுத்தார். பாதி வேலையில் இரண்டு பேருக்கும் தகராறு வந்துவிட்டது. மொழி தெரியாத தகராறு. அவர் கையை ஆட்டினார், இவர் தலையை ஆட்டினார். ஆக்சிலியா ஓடிவந்தாள்.

"கண்ணு மூடியிருக்குது" என்றார் காளியப்பன். "பாதிக் கண்ணு செத்தவன் கண்ணு மாதிரி போட்டிருக்காங்க. இவன் இன்னும் சாவலியே. பீமன் இன்னும் அடிக்கவே இல்லியே. அடிக்க வர்றவன இவன் பாக்கணும். கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கறவன அடிக்கறதுல என்னா இருக்குது?"

ஆக்சிலியா சொல்லி முடித்ததும் தோணாத்தா ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மெதுவாகப் பேசினார். ஆக்சிலியா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊர் கோயில்ல மண்ணுல செஞ்ச உருவங்க இருக்குதாம். ஆளு உசரத்துக்கு. இறந்துபோன ஏசுவ நடுவுல படுக்க வெச்சு, சுத்தி நின்னு பொம்பளைங்க கத்தி அழற மாதிரி. சின்னப் புள்ளையில அந்தப் பக்கம் போகவே பயமாம். அப்புறம் தெனமும் போவாங்களாம். அதப் பாத்துத்தான் சிற்பியே ஆனாங்களாம். அதுல படுத்திருக்கிறவர் கண்ணு மூடியிருக்கும். அழறவங்க கண்ணுதான் தொறந்திருக்கும். அதனாலதான் இங்கயும் மூடிட்டாங்க. இங்க அழறவங்க எங்கன்னு கேக்கறாங்க."

காளியப்பன் யோசித்தார். "இங்க யாரும் அழ மாட்டாங்கம்மா. காந்தாரி வேஷக்காரன் ஒருத்தன் ஒப்பாரி பாடுவான். மத்தவங்க விசில்தான் அடிப்பாங்க."

தோணாத்தா இறங்கினார். ஏணியைக் காட்டி, காளியப்பனை ஏறச் சொல்லிக் கை காட்டினார். காளியப்பன் ஏறி, அந்தப் பாதி மூடிய இமைகளை வழித்து எடுத்துவிட்டு, தன் வழக்கப்படி அகன்ற வட்டக் கண்களை அந்த முகத்தில் வைக்கத் தொடங்கினார். வீரமணி அதற்குமேல் பார்க்கவில்லை. வேஷம் கட்ட நேரமாகிவிட்டது.

போகும்போது ஆக்சிலியா சொன்னது காதில் விழுந்தது. அந்த முகத்துக்கு அச்சு எடுத்து வைத்துக்கொள்ளலாமா, பிறகு ஊரில் போய் வெண்கலத்தில் வார்த்துக்கொள்வேன் என்று தோணாத்தா கேட்டிருக்கிறார். "கூடாதுங்க" என்று காளியப்பன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

விடிந்து, வெயில் மஞ்சளாக விழுந்த நேரத்தில் மேளமும் முகவீணைக் குழலும் முன்னால் போக வீரமணி களத்துக்கு ஓடிவந்தார். முகத்தில் சிவப்பு அரிதாரம், தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம். சுற்றிலும் ஊர் ஜனம். கோயில் மதிலிலும், டிராக்டர் மேலும், மொட்டைமாடிகளிலும் ஆட்கள். இரவெல்லாம் ஆடிய கால் வலியை அவர் உணரவில்லை. எப்போதும்போல உருவத்தின் கால் பக்கமாக நுழைந்து, வலப்பக்கமாகச் சுற்றி, தலைமாட்டுக்கு வந்து, பாட்டை எடுப்பதற்காக நிமிர்ந்தார்.

முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய முகம்தான். புருவ மேடு, மூக்குத் தண்டு, இடது கன்னத்தில் விழுகிற குழி, எல்லாம் அவருடையது. ஆனால் கண் அவருடையது இல்லை. காளியப்பன் சுண்ணாம்பும் கரியும் வைத்துத் திறந்த அந்தக் கண், சாமிக்கு இருக்கிற கண். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வந்தது. அதற்குக் கீழே வாய், தாகமெடுத்த மனுஷனுடைய வாய். லேசாகத் திறந்து, கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்கி, தண்ணி என்று கேட்டு முடித்துவிட்ட வாய். அந்தக் கண்ணும் அந்த வாயும் எப்படி ஒரே முகத்தில் பொருந்தின என்று அவருக்கு விளங்கவில்லை. பொருந்தியிருந்தன. உயிர் வெளியே போய்க்கொண்டிருக்க, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டு கிடந்தான் அந்த ராஜா.

வீரமணிக்கு வசனம் மறந்துபோனது. இருபது வருஷமாக வாயில் ஊறின பாட்டு. முகவீணைக்காரர் மறுபடி எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவையில்தான் குரல் வந்தது. வந்த குரல் எப்போதும் வருகிற கர்வமான குரலாக இல்லை. தன் நாடு, தன் தம்பிமார், தன் சேனை என்று துரியோதனன் அடுக்குகிற அதே வரிகள், எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தவனின் வாயிலிருந்து வந்தன. அவர் அப்படிப் பாட நினைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு மாதிரி பாட முடியவில்லை.

விசில் சத்தம் எதுவும் எழவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டார்கள்.

மதியழகன் கதையைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து வந்தான். இருவரும் உருவத்தைச் சுற்றி ஓடினார்கள், கதையும் கதையும் மோதின, புழுதி பறந்தது. கடைசிச் சுற்றில் மதியழகன் வழக்கப்படி மண்காலின் மேல் ஏறி, தொடைமேல் நின்று, இரண்டு கையாலும் கதையைத் தலைக்கு மேலே உயர்த்தினான். மேளம் உச்சத்துக்குப் போனது. அவன் குனிந்து இலக்கைப் பார்த்தான். பிறகு, தற்செயலாகத்தான், முகத்தைப் பார்த்தான்.

கதை இறங்கவில்லை.

மேளக்காரர்கள் திரும்பவும் அதே அடியை அடித்தார்கள். இன்னொரு முறையும் அடித்தார்கள். தலைவிரி கோலமாக நின்றிருந்த துரோபதை வேஷக்காரர் மாதேஸ்வரன், "அடிடா, அடிடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். மதியழகனின் கைகள் மேலேயே நின்றன. வியர்வையில் நெற்றி அரிதாரம் கரைந்து கண்ணுக்குள் ஓடியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த வட்டக் கண்கள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த முகம், வற்றின கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று கடைசியாகக் கத்திய முகம், இப்போது கத்தாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது.

களம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மேளமும் நின்றுவிட்டது. கோயில் கொடி காற்றில் படபடத்தது மட்டும் கேட்டது.

வீரமணி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கூத்தில் அந்த இடத்தில் அவருக்கு வசனம் கிடையாது.

"மதி" என்றார்.

மதியழகன் திரும்பினான்.

"அடி. ஒண்ணும் ஆவாது. நான் இங்கதான் நிக்கறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த அமைதியில் டிராக்டர் மேலிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. மதியழகனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பீமனின் கர்ஜனை அப்படி இருக்காது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கதையை இறக்கினான். பானை உடைந்து சிவப்பு பீறிட்டு அவன் இடுப்புவரை தெறித்தது. வீரமணி விழுந்தார்.

அந்தப் பெரிய இடது கைக்குப் பக்கத்தில், தரையோடு கன்னத்தை வைத்துக் கிடந்தபோது, அவர் வழக்கமான ஆரவாரத்துக்காகக் காத்திருந்தார். அதற்குப் பதிலாகப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. யாரென்று தெரியவில்லை. சாவு வீட்டில் எழுகிற குரல். அதோடு இன்னொன்று சேர்ந்தது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. காந்தாரி வேஷக்காரர் பாடத் தயாராக நின்றவர் பாடாமலே நின்றுவிட்டார். அவருக்கு வேலை இல்லாமல் போனது. துரோபதையின் எதிரிக்காக அந்த ஊர்ப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வீரமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

மாதேஸ்வரன் கூந்தலை நனைத்து முடிந்தார். தீபாராதனை நடந்தது. வீரமணி எழுந்து உட்கார்ந்தபோது ஜனங்கள் மண் அள்ள இறங்கியிருந்தார்கள். கால், வயிறு, மார்பு, கதை என்று முந்தானையிலும் துண்டிலும் பிளாஸ்டிக் பையிலும் மண் போய்க்கொண்டிருந்தது. இடது கைக்கும் வந்துவிட்டார்கள். கழுத்துவரை வந்து நின்றுவிட்டார்கள்.

முகத்தை யாரும் தொடவில்லை.

"அள்ளுங்கம்மா, நேரமாவுது" என்றார் காளியப்பன். ஒருத்தரும் அசையவில்லை. அவரே ஓரடி எடுத்து வைத்து, அவரும் நின்றார். ராஜாமணி, "பேசாம இந்த வருஷம் இத இப்படியே வுட்டுட்டா என்னா மாமா?" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். காளியப்பன் ஆக்சிலியாவைப் பார்த்தார். ஆக்சிலியா தோணாத்தாவிடம் கேட்டாள். நேற்று அச்சு எடுக்கக் கேட்டவர் இன்று தரையில் மண்டியிட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

"அதுவும் போகணும்னு சொல்றாங்க" என்றாள் ஆக்சிலியா.  "நேத்து நீங்க சொன்னதுதான் சரியாம்."

வீரமணி கிரீடத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கழுத்து மண்ணில் கால் பதித்து ஏறினார். பக்கத்திலிருந்து பார்க்க அந்த முகம் முகமாகவே இல்லை. மேடும் பள்ளமும், விரல் தடமும்தான். ஒரு தடம் அகலமாக, ஒரு தடம் ஒல்லியாக, இரண்டு பேருடைய விரல்களும் கலந்து கிடந்தன. இடது கன்னத்தில் இரண்டு கையையும் ஆழமாக விட்டு ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்த மதியழகனிடம் போனார். நீட்டினார்.

மதியழகன் கதையைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த வேஷத் துணியை விரித்து வாங்கிக்கொண்டான். வீரமணியின் முகத்தைப் பார்த்தான்.  சொன்னான்:

"மூக்குல அரிதாரம் ஒழுகுது. தொடச்சிக்கண்ணா."

அதற்கப்புறம் ஜனங்களைத் தடுக்க முடியவில்லை. நெற்றி போனது, மூக்கு போனது, அந்தக் கண்கள் ஆளுக்கு ஒரு பிடியாகப் போயின. சுகுணா உதட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டுவந்து தோணாத்தாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "சோறாக்கற எடத்துல வைங்க, ஆத்தா. கொறையே வராது." ஆக்சிலியா அதைச் சொல்வதற்கு முன்பே தோணாத்தா புரிந்துகொண்டவர்போல அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது களம் காலியாகிவிட்டது. ஈரமான ஒரு கறை மட்டும் ஆள் உருவத்தில் நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் காளியப்பனும் தோணாத்தாவும் அன்னதானச் சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீரமணி பாதி கலைத்த வேஷத்தோடு வந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வருத்தமா இருக்குதான்னு கேளும்மா" என்றார் ஆக்சிலியாவிடம்.

தோணாத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார், ஆக்சிலியா தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊர்ல மூணு சதுக்கத்துல இவங்க செஞ்ச வெண்கலச் சிலை நிக்குதாம். கீழ பெஞ்சுல உக்காந்து ஜனங்க ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்களாம். யாரும் தலையத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். நெலைச்சு நிக்கணும், நெலைச்சு நிக்கணும்னே இத்தன வருஷமும் செஞ்சாங்களாம். இன்னிக்கு ஒரு ஊரே பாத்துச்சு. அழுதுச்சு. அப்புறம் தின்னு முடிச்ச மாதிரி எடுத்துட்டுப் போயிடுச்சு. வருத்தமா இல்லையாம்." ஆக்சிலியா நிறுத்தினாள். "பயமா இருக்குதுங்கறாங்க."

"எதுக்குப் பயம்?"

"இனிமே ஊருக்குப் போய் என்னா செய்யறதுன்னு தெரியலியாம்."

காளியப்பன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சத்தம்போட்டுச் சிரித்து வீரமணி பார்த்ததே இல்லை.

"அவங்களுக்கு மட்டுமா? அடுத்த வருஷம் இதே ஜனத்துக்கு முன்னால நான் என்னாத்தப் போடறது? இத்தன காலமா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுட்டு இருந்தேன். இப்ப எனக்கும் கை நடுங்குதுன்னு சொல்லு."

ஆக்சிலியா சொன்னாள். தோணாத்தா காளியப்பனின் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தன் கையை அதற்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினார். உண்மையாகவே இரண்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

கிணற்று விஷயம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. சுகுணாவும் மதியழகன் மனைவியும் பேச இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் மதியழகன் தன் போர்வெல்லிலிருந்து வரப்பு தாண்டி ஒரு குழாயை இழுத்து வீரமணியின் மரவள்ளிக் காட்டில் விட்டிருந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. அதற்கு யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை.

அந்த முகத்தை யாராவது செல்போனில் பிடித்து வைத்திருப்பார்கள் என்று வீரமணி பலரிடம் கேட்டுப் பார்த்தார். கால் இருந்தது, கை இருந்தது, கூட்டம் இருந்தது. முகம் வந்த இடத்தில் எல்லோருடைய வீடியோவும் தரையைக் காட்டியது. எடுத்தவர்கள் அந்த நேரத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.